ஜெர்மனில இன்டர்ன்ஷிப் வந்து 5 வாரம், ஆபீஸ்ல யாரும் பேசுறதில்ல, வீட்டுக்கு லெட்டரும் வர்றதில்ல, நான்தான் தப்பு பண்றேனா?

மழைக்குருவி:

வணக்கம் மக்களே. ரெண்டு வருசமா இங்க படிக்க மட்டும் செஞ்சிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருசம். கோர்ஸ்லயே 6 மாசம் கட்டாய இன்டர்ன்ஷிப் இருக்கு, அதுக்காக பிப்ரவரி முதல் வாரம் ஸ்டுட்கார்ட் வந்தேன். கம்பெனி பேர் வேணாம், வண்டிக்கு பார்ட்ஸ் பண்றவங்க, எங்க டீம்ல 11 பேர். ஊருக்குள்ளயே பாட் கான்ஸ்டாட்ங்கற ஏரியால ஒரு வீட்ல ஒரே ஒரு ரூம் உள்வாடகைக்கு எடுத்திருக்கேன், எல்லாம் சேர்த்து 640 யூரோ. வீட்டுக்காரர்னு நான் சொல்றவரே அங்க வாடகைக்கு இருக்கறவர்தான், வாரத்துல பாதி நாள் அவருக்கு வேற ஊர்ல வேலை, ஆளைப் பாக்கறதே அபூர்வம்.

பிரச்சனை என்னன்னா எதுவுமே பெரிய பிரச்சனை இல்ல. யாரும் திட்டல, யாரும் மோசமா நடத்தல. ஆனா காலைல 8 மணிக்கு உள்ள போய் "மோர்கன்"னு சொல்றேன், எல்லாரும் திருப்பி "மோர்கன்" சொல்றாங்க, அதோட சரி, சாயங்காலம் "ச்சூஸ்" சொல்லி கிளம்புற வரைக்கும் எனக்குன்னு ஒரு வார்த்தை வராத நாளெல்லாம் இருக்கு. 12 மணி ஆனா ஒவ்வொருத்தரா எந்திரிச்சு "மால்ட்ஸைட்"னு சொல்லிட்டு நடக்கறாங்க, அது என்னைக் கூப்பிடறதா இல்ல போய்ட்டு வரேன்னு சொல்றதா ஒண்ணும் புரியல, நானும் சும்மா தலையாட்டிட்டு டப்பாவை எடுத்துட்டு ஜன்னல் ஓரமா போய் உக்காந்துக்கறேன். ஏ2ங்கற ஆரம்ப லெவல் வரைக்கும் ஜெர்மன் படிச்சிட்டுதான் வந்தேன், ஆனா இவங்க வாயில வர்றது நான் படிச்ச ஜெர்மனே இல்ல.

முதல் மாச சம்பளம் வந்துச்சு. காண்ட்ராக்ட்ல 1100 யூரோ, அதுல வரின்னு ஒரு தொகை பிடிச்சிருக்காங்க. ஹெச்ஆர்ல கேட்டா நீ இன்னும் ஷ்டாயர் ஐடி, அதான் வரி நம்பர், குடுக்கலயேன்னாங்க. அன்மெல்டுங், அதான் அட்ரஸ் பதிவு, எல்லாம் வந்த ஒன்பதாவது நாளே போய் பண்ணிட்டேன், ஐடி தபால்ல வரும்னாங்க, 4 வாரம் ஆச்சு, வரல. பேங்க் கார்டும் வரல, போனை வெச்சே ஓட்டிட்டு இருக்கேன்.

அப்புறம் இது சின்ன விஷயம், ஆனா நேத்து என்னை அழ வெச்சது இதுதான். திங்கக்கிழமை என் கதவு கைப்பிடில யாரோ ஒரு சின்ன மரப்பலகை மாட்டியிருந்தாங்க, அதுல ஒரு தொடப்பம் படம். யாரோ தெரியாம மாட்டிட்டாங்கன்னு எடுத்துட்டுப் போய் கீழ மெயின் கதவு பக்கத்துல வெச்சேன். செவ்வாய்க்கிழமை திரும்ப என் கதவுல. எடுத்து படிக்கட்டு கம்பில மாட்டினேன். புதன்கிழமை திரும்ப என் கதவுல, இந்த தடவை கூடவே ஒரு சீட்டு, கிறுக்கல் எழுத்து, கடைசில மூணு ஆச்சரியக்குறி. எதிர் வீட்டு பாட்டி கதவு சந்துல நின்னு பாத்துட்டே இருந்தாங்க, நான் திரும்பினதும் கதவை சாத்திட்டாங்க. நான் அழுக்கா இருக்கேன்னு சொல்றாங்களா? ரூம்ல ஏதாவது நாத்தம் அடிக்குதான்னு நிஜமாவே மோந்து பாத்தேன்.

அம்மாகிட்ட பேசலாம்னா நான் வீடு வந்து சேர்றப்ப இங்க 6 மணி, அங்க ராத்திரி பத்தரை, அவங்க தூக்கத்துலயே "ம்ம் ம்ம்"னு கேக்கறாங்க, நானும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி வெச்சுடறேன்.

எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா, இல்ல நான்தான் ஏதோ தப்பு பண்றேனா? விட்டுட்டுப் போயிடலாமான்னு தோணுது. இன்னும் கிட்டத்தட்ட அஞ்சு மாசம் இருக்கு.

எஸ்பான்_லேட்டு:

ப்ரோ முதல்ல கீழ இறங்கிப் போய் லெட்டர்பாக்ஸ்ல உங்க பேர் இருக்கான்னு பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

இங்க அட்ரஸ்ல பிளாட் நம்பர்னு ஒண்ணு போடறதில்ல. தெரு பேரு, கட்டட நம்பர், முடிஞ்சுது. தபால்காரர் பெட்டி மேல ஒட்டியிருக்கற பேரைப் பாத்துதான் போடுவார், பேர் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவார். உள்வாடகைன்னு வேற சொல்றீங்க, பெட்டில அந்த மெயின் ஆள் பேர் மட்டும்தான் இருக்கும், பந்தயம் கட்றேன். உங்க கார்டு, ஐடி எல்லாம் வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு திரும்பிப் போயிருக்கும்.

நான் இதுலயும் ஒரு படி மேல. பேர் எழுதி ஒட்டினேன், ஆனா பால்பாயின்ட் பேனால. பெட்டி வெளிய மழைல இருக்கும், ரெண்டே நாள்ல நீலமா வழிஞ்சு என்னோட 17 எழுத்து பேர்ல கடைசி மூணு எழுத்துதான் மிச்சம் இருந்துச்சு, அந்த மூணு எழுத்துக்கு எந்த தபால்காரர் லெட்டர் போடுவார். அதனால பிரிண்ட் எடுத்து, மேல செல்லோடேப் ஒட்டி, பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே முழு பேரையும் போடுங்க. காலிங்பெல் பக்கத்துலயும் ஒண்ணு, பார்சல்காரனுக்கு.

ஷ்டாயர் ஐடிங்கறது 11 இலக்க நம்பர், நீங்க அன்மெல்டுங் பண்ணா மத்திய வரி அலுவலகம் தானா அனுப்பும். போன்லயோ மெயில்லயோ கேட்டா நம்பர் சொல்ல மாட்டாங்க. மறுபடி அனுப்புங்கன்னு அவங்க வெப்சைட்ல ஃபார்ம் இருக்கு, அதுவும் தபால்லதான் வரும், அதனால பேர் ஒட்டாம அந்த ஃபார்மை போட்டீங்கன்னா அதுவும் சுவத்துல அடிச்ச பந்துதான். அவசரம்னா பாஸ்போர்ட்டும் அன்மெல்டுங் பேப்பரும் எடுத்துட்டு உங்க ஏரியா வரி ஆபீஸ், ஃபினான்ஸ்அம்ட்டுக்கு நேரா போங்க, எனக்கு கவுன்டர்லயே பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க.

வரி பத்தி பயப்படாதீங்க. ஐடி இல்லாட்டி கம்பெனி வரியை 6-ம் கிளாஸ்ல பிடிக்கும், இருக்கறதுலயே அதிகமா பிடிக்கறது அதுதான். ஐடி குடுத்ததும் 1-ம் கிளாஸ் ஆயிடும், 1100 யூரோக்கு அதுல வருமான வரியே வராது. பிடிச்சதை அடுத்த சம்பளத்துல சரி பண்ணுவாங்க, பண்ணலன்னா கேளுங்க, சும்மா இருக்காதீங்க.

இன்னொண்ணு, பேர் ஒட்டினதும் முதல்ல வரப்போற லெட்டர் டிவி ரேடியோ கட்டணம்தான், ருண்ட்ஃபுங்க்பைட்ராக், மாசம் 18.36 யூரோ. என்கிட்ட டிவியே இல்லன்னு எழுதி சண்டை போடாதீங்க, அவங்க டிவி இருக்கான்னே கேக்கல. ஆனா அது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு ஒண்ணு. மெயின் ஆள் கட்டிட்டு இருந்தார்னா அவரோட நம்பரை வாங்கி எழுதி அனுப்பிடுங்க, அதோட விட்டுடும்.

பலகை மேட்டர் எனக்கு தெரியல ப்ரோ, நான் இருக்கறது பெர்லின், இங்க எதிர் வீட்ல ஆள் இருக்காங்களான்னே தெரியாது.

நெக்கர்கரை_அக்கா:

பிள்ளை, அந்தப் பலகையை நான் சொல்லுறன். வாசிக்கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, குறை நினைக்காதேங்கோ, நானும் 1991ல இதே கான்ஸ்டாட்டில அதே மாதிரிப் பலகையைப் பார்த்துப் பயந்தனான்.

அதுக்குப் பேர் கேர்வோஹெ. கூட்டுற கிழமை, அதாவது கூட்டுற வாரம் எண்டு அர்த்தம். இந்தப் பக்கத்து ஆக்கள், ஷ்வாபன்மார், இதில சரியான கண்டிப்பு. ஒரு மாடியில ரெண்டு மூண்டு வீடெண்டால் இந்தக் கிழமை ஒராள், மற்றக் கிழமை மற்ற ஆள், படி கூட்டித் துடைக்கோணும். ஆற்ற முறையோ அவையின்ர கதவில பலகை தொங்கும். சின்னக் கேர்வோஹெ எண்டால் உங்கட மாடியும் படியும், பெரிய கேர்வோஹெ எண்டால் வெளி நடைபாதை, முற்றம், நிலவறை எல்லாம். உங்கட முறை வந்திட்டுது எண்டு சொல்லுற பலகை அது, வேற ஒண்டும் இல்ல. இவ்வளவு நாளும் அந்த வீட்டு ஆள் சத்தமில்லாமல் செய்திருப்பார், இந்த முறை ஆள் நிக்கேல்ல. நீங்கள் பலகையைக் கழட்டிக் கழட்டி வேறெங்கயோ வைக்க, அந்த மனுசி என்ன இந்தப் பிள்ளை செய்யமாட்டன் எண்டு நிக்குது எண்டு நினைச்சிருக்கும்.

சனிக்கிழமைக்கு முதல் செய்யுங்கோ. ஞாயிறு வேண்டாம், ஞாயிறு ஒரு சத்தமும் போடேலாது, வெறும் போத்தல் கொண்டுபோய் பழைய கண்ணாடி போடுற தெருத் தொட்டியில போடுறது கூட ஞாயிறு செய்யக்கூடாது. மேல இருந்து கீழ கூட்டுங்கோ, பிறகு ஈரத்துணியால துடையுங்கோ, மூலையை விடாதேங்கோ, அவையள் மூலையைத்தான் பார்ப்பினம். பிள்ளை இன்னொண்டு, ஆக்கள் வீட்டில நிக்கிற நேரமாப் பார்த்துச் செய்யுங்கோ. நான் முதல் வருசம் விடிய 5 மணிக்கு வேலைக்குப் போக முன்னம் துடைச்சுப்போட்டுப் போவன், வடிவாத் துடைச்சனான், ஆனால் வாளிச் சத்தம் ஒருத்தருக்கும் கேக்கேல்ல, வீட்டுச் சொந்தக்காரரிட்ட முறைப்பாடு போயிட்டுது.

அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடாதேங்கோ. அவவின்ர கதவைத் தட்டி, எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு உங்களுக்குத் தெரிஞ்ச ஜெர்மனில சொல்லுங்கோ. வயசான ஆக்களோட "டூ", அதாவது நீ, வேண்டாம், "ஸீ", நீங்கள் எண்டுதான் கதைக்கோணும்.

மழைக்குருவி:

அய்யோ அக்கா. நான் மூணு நாளா அந்த பலகையோட சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன். சீட்டை இப்பத்தான் ஆப்ல போட்டு பாத்தேன், "இது அலங்காரப் பொருள் இல்ல!!!"ன்னு எழுதியிருக்காங்க. சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

லெட்டர்பாக்ஸும் பாத்தேன். என் பேர் இல்ல. 5 வாரமா தினம் அந்த பெட்டியைத் திறந்து திறந்து பாத்தேனே தவிர வெளிய என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்ல.

எஸ்பான், ப்ரோ இல்ல, நான் பொண்ணு :) ஆனா தேங்க்ஸ், நாளைக்கே பிரிண்ட் எடுக்கறேன்.

முக்கால்_ஒன்பது:

நான் 2018ல ரோய்ட்லிங்கன்ல இன்டர்னா வந்து இன்னும் இந்தப் பக்கமேதான் குப்பை கொட்டிட்டு இருக்கேன், ஆபீஸ் பத்தி மட்டும் சொல்றேன் ஏன்னா உங்களுக்கு நடக்கறது எனக்கு அச்சு அசலா நடந்துச்சு.

மால்ட்ஸைட்னா சாப்பாட்டு நேரத்து வணக்கம், பதிலுக்கு நீங்களும் மால்ட்ஸைட்னு சொன்னா போதும். அது கூப்பிடறதும் இல்ல, கூப்பிடாம விடறதும் இல்ல. நம்ம பழக்கம் வேற, நாம சாப்பிடப் போகும்போது பக்கத்துல இருக்கறவனை வா வான்னு கையைப் புடிச்சு இழுப்போம், அவன் வேணாம்பான், திரும்ப இழுப்போம். இங்க அந்த இழுக்கற வேலையே கிடையாது. எந்திரிச்சு கூட நடந்தீங்கன்னா நீ ஏன் வரேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, உக்காந்திருந்தீங்கன்னா உங்களுக்கு தனியா சாப்பிடப் பிடிக்கும் போலன்னு நெனச்சு மரியாதையா விட்டுடுவாங்க. எனக்கு எங்க டீம்ல ஒருத்தன் ஒரு வருசம் கழிச்சு சொன்னான், நீ ஆரம்பத்துல தனிமை விரும்பின்னு நாங்க பேசிக்கிட்டோம்னு. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

வேலையும் அப்படித்தான். கேக்கலன்னா உனக்கு எல்லாம் தெரியும்னு அர்த்தம். நான் கேட்டா தொந்தரவுன்னு நெனச்சு ஒரு பைல் எங்க இருக்குன்னு ரெண்டு நாள் தேடியிருக்கேன், கடைசில கேட்டா அந்தாள் சேரைத் திருப்பிப் போட்டுட்டு முக்கால் மணி நேரம் போல்டர் போல்டரா விளக்கினார், எனக்கு பாத்ரூம் போகணும் போக முடியல. உங்க கைடுகிட்ட வாரம் ஒரு அரை மணி நேரம் காலண்டர்ல போடுங்க. காலண்டர்ல இருக்கற விஷயத்தை இவங்க விட மாட்டாங்க, காலண்டர்ல இல்லாதது உலகத்துலயே இல்ல.

நேரம்னதும் இதையும் சொல்லிடறேன். ரெண்டாவது வாரம் எங்க குரூப் லீடர் போற போக்குல "நாளைக்கு ஹால்ப் நாய்ன், கஸ்டமர் வரார், நீயும் வா"ன்னார். ஹால்ப்னா அரை, நாய்ன்னா ஒன்பது, ஒன்பதரைன்னு எழுதி வெச்சேன். மறுநாள் 9:25க்கு, அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துட்டேன்னு பெருமையோட, புது சட்டை போட்டு, நோட்டு பேனாவோட கதவைத் திறக்கறேன், கஸ்டமர் ஒரு கையை கோட்டுக்குள்ள விட்டு இன்னொரு கையைத் தேடிட்டு இருக்கார். மீட்டிங் எட்டரைக்கு. நமக்கு எட்டரைன்னா எட்டைத் தாண்டி அரை, இவங்களுக்கு அது ஒன்பதுல அரை, அதாவது ஒன்பதாவது மணி பாதி ஓடிருக்கு. யாரும் திட்டல. குரூப் லீடர் போர்டுல ஒரு கடிகாரம் வரைஞ்சு பாதியை ஷேட் பண்ணிக் காட்டினார், அந்தப் படம் மூணு வாரம் அழிக்காமலே இருந்துச்சு, வர்றவன் போறவன் எல்லாம் பாத்து சிரிச்சான். அதோட விடல, ஷ்வேபிஷ்ல, அதான் இந்தப் பக்கத்து பேச்சு வழக்குல, இன்னும் போய் "கால் ஒன்பது"ன்னா எட்டே கால், "முக்கால் ஒன்பது"ன்னா எட்டே முக்கால். என் பேர் வந்த கதை இதுதான். யாராவது நேரம் சொன்னா இப்பவும் நான் நம்பர்ல திருப்பி சொல்லி கன்ஃபர்ம் பண்ணிக்குவேன், எட்டு முப்பதா அப்படின்னு.

அவங்க பேசறது புரியலங்கறதுக்கு வருத்தப்படாதீங்க. நீங்க இருக்கற பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலமே 1999லேர்ந்து 2021 வரைக்கும் தன்னை விளம்பரம் பண்ணிக்கிட்ட வாசகம் "எங்களுக்கு எல்லாம் வரும், சுத்த ஜெர்மன் தவிர". ஹோக்டாய்ச்ல, அதான் அந்த சுத்த ஜெர்மன்ல, பேசுங்கன்னு தாராளமா கேக்கலாம், நாலு வாக்கியம் பேசிட்டு திரும்ப வழுக்கிடுவாங்க, திரும்ப கேளுங்க.

கடைசியா ஐன்ஷ்டாண்ட் வெச்சீங்களா? புதுசா சேந்தவங்க டீமுக்கு ஒரு காலை டிபன் வாங்கி வைக்கறது. 5 வாரம் லேட்தான், பரவால்ல. வெள்ளிக்கிழமை காலைல பேக்கரில 15 புட்டர்பிரெட்ஸல் வாங்குங்க, நடுவுல வெட்டி வெண்ணெய் தடவினது, சைவம்தான், ஒன்பது மணிக்கு கிச்சன்ல வெச்சுட்டு டீமுக்கு ஒரு வரி மெயில். அவ்ளோதான். ஸ்பீச் எதுவும் வேணாம். பேச்சு தானா வரும், ஏன்னா சாப்பிட்டவன் வந்து தேங்க்ஸ் சொல்லணும்ல. பிறந்தநாளுக்கும் அதே கதை, கேக் நீங்கதான் கொண்டு வரணும், யாராவது வாங்கி வருவாங்கன்னு உக்காந்திருந்தா யாருக்கும் உங்க பிறந்தநாள்னே தெரியாது.

பொடிஎழுத்து:

மேல எல்லாரும் பாசமா சொல்லிட்டாங்க, நான் காண்ட்ராக்ட் பக்கம் மட்டும்.

பக்கத்து சீட் இன்டர்ன் உங்களவிட ரெண்டு மடங்கு வாங்கறான்னு ஒரு நாள் தெரிய வரும், அன்னைக்கு மறுபடி அழாதீங்க. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு குறைந்தபட்ச கூலி சட்டம் பொருந்தாது. சொந்த விருப்பத்துல 3 மாசத்துக்கு மேல பண்றவங்களுக்கு பொருந்தும், 2026ல அது மணிக்கு 13.90 யூரோ, வாரம் 40 மணி நேரம்னா மாசம் 2400 கிட்ட வரும். அநியாயமான்னா எனக்கு அநியாயமாத்தான் படுது, ஆனா உங்க கம்பெனி உங்களை மட்டும் ஏமாத்தல.

காலைல உடம்பு முடியலன்னா வேலை நேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், டாக்டர் சீட்டு எத்தனாவது நாள்ல கேக்கறாங்கன்னு காண்ட்ராக்ட்ல இருக்கும், இன்னைக்கே பாத்து வெச்சுக்கோங்க. ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ டாக்டர் வேணும் ஆனா உயிர் போற அவசரம் இல்லன்னா 116117. உயிர் போற அவசரம்னா 112.

கிளம்பும்போது சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க, ட்ஸாய்க்னிஸ்னு சொல்வாங்க, அதை கடைசி நாள் கேக்காதீங்க, ஒரு மாசம் முன்னாடி கேளுங்க. ஏன்னா அது ஒரு தனி பாஷை. "எங்களுக்கு திருப்தியா வேலை செய்தார்"னு எழுதியிருந்தா நாம சந்தோசமா பிரேம் போட்டு மாட்டுவோம், ஆனா இங்க ஹெச்ஆர் அதை ஏதோ ஒப்பேத்தினார்னு படிப்பாங்க. "முழு திருப்தி"ன்னா சுமார். "எப்பவும் முழு திருப்தி"ன்னா நல்லா பண்ணார். "எப்பவும்" கூட முழுசுக்கும் மேல ஒரு "முழுமுதல்" மாதிரி ஒரு சொல், ஃபோல்ஸ்ட்டன், அது இருந்தாத்தான் முதல் கிரேடு. இலக்கணப்படி அப்படி ஒரு சொல்லே தப்புன்னு ஜெர்மன்காரங்களே சொல்வாங்க, ஆனா அது இல்லன்னா மார்க் குறையும். டிராஃப்ட் காட்டச் சொல்லி வாங்கிப் படிங்க.

ஊரை விட்டு கிளம்பும்போது அப்மெல்டுங்கும், அதான் அட்ரஸ் பதிவை நீக்கறது, பண்ணணும், கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து பண்ணலாம். பண்ணாம போனா டிவி கட்டண லெட்டர் நீங்க இல்லாத வீட்டுக்கு வந்துட்டே இருக்கும்.

ஆறாவதுவாரம்:

எல்லாரும் இருங்க இருங்கன்னு சொல்றதால நான் மாத்தி ஒண்ணு சொல்றேன். நான் வேற ஒரு நாட்டுல இன்டர்ன்ஷிப் போய் ஆறாவது வாரம் திரும்பி வந்தேன். எனக்கு தூக்கமே போயிடுச்சு, சாப்பாடு இறங்கல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூணு வாரமா இதே. காலேஜ்ல அந்த செமஸ்டர் போச்சு, அடுத்த வருசம் உள்ளூர்லயே இன்டர்ன்ஷிப் பண்ணி முடிச்சேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன், யாரும் அதை வெச்சு என்னை கேள்வி கேக்கல.

நீங்க எழுதினதைப் படிச்சா உங்களுக்கு அந்த அளவுக்கு இல்லன்னு தோணுது, பலகை ஜோக்குக்கு சிரிக்க முடியுதுல்ல. ஆனா அம்மாகிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி வெக்கறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் நிறுத்துங்க. நான் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், ஏர்போர்ட்ல வந்து நின்னப்பதான் வீட்டுக்கே தெரியும், அப்பா முகத்தை அன்னைக்கு பாக்க முடியல. மார்ச் கடைசி ஞாயிறு அங்க மணியை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, அப்புறம் வித்தியாசம் நாலரைலேர்ந்து மூன்றரை ஆயிடும், நீங்க 6 மணிக்கு வந்தா இங்க ஒன்பதரைதான். அதுவரைக்கும் காலைல பஸ்லயோ டிரெயின்லயோ போகும்போது கூப்பிடுங்க, அவங்க முழிச்சிருப்பாங்க.

எஸ்பான்_லேட்டு:

சாரி சிஸ், இங்க எல்லாரையும் ப்ரோன்னு கூப்பிட்டு பழகிடுச்சு. ஆறாவதுவாரம் சொன்னதுக்கு பத்து லைக்.

சாயங்காலம் நேரா ரூமுக்குப் போகாதீங்க, அதுலதான் தொங்கல் ஆரம்பிக்கும். உங்க ஊர்ல மைலாண்டர் பிளாட்ஸ்ல அந்த வெள்ளை சதுர லைப்ரரி இருக்கு, 2011ல திறந்தது, உள்ள போய் மேல் மாடி ஏறி நடுவுல எட்டிப் பாருங்க, நாலு பக்கமும் புக்கு, எல்லாம் வெள்ளை, நான் ஒரு தடவை வந்தப்ப ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நாடு முழுக்க லோக்கல் வண்டிக்கான மாச பாஸ், டாய்ச்லாண்ட் டிக்கெட் வெச்சிருந்தா, இப்ப 63 யூரோ, சனிக்கிழமை லோக்கல் டிரெயின்ல எங்க வேணாலும் போங்க, ஐசிஇ ஐசின்னு வர்ற எக்ஸ்பிரஸ் வண்டில மட்டும் ஏறிடாதீங்க. வேணாம்னா மாசம் 10ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இல்லன்னா அடுத்த மாச காசு போயிடும், எனக்கு ரெண்டு தடவை போயிருக்கு.

மழைக்குருவி:

10 நாள் கழிச்சு வரேன், அப்டேட் குடுக்காம ஓடிப் போயிட்டேன்னு நெனக்காதீங்க.

பேர் ஒட்டின மூணாவது நாள் முதல் லெட்டர் வந்துச்சு. டிவி கட்டணம். எஸ்பான் நீங்க ஜோசியம் பாக்கலாம். அப்புறம் பேங்க் கார்டு வந்துச்சு. ஷ்டாயர் ஐடி நானே ஃபினான்ஸ்அம்ட் போய் வாங்கிட்டேன், அந்த அம்மா என் பேரை ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்லி டைப் பண்ணாங்க, நான் ஜெர்மன்ல எழுத்து சொல்லப் பழகினதுக்கு முதல் தடவையா உபயோகம் வந்துச்சு. ஹெச்ஆர் அடுத்த சம்பளத்துல சரி பண்றேன்னு மெயில் போட்டுட்டாங்க.

புட்டர்பிரெட்ஸல் வெச்சேன். 15 வாங்கினேன், பத்து மணிக்கு ஒண்ணு கூட இல்ல. எல்லாரும் வந்து தேங்க்ஸ் சொன்னாங்க, முக்கால்_ஒன்பது சொன்ன மாதிரியே. எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருக்கற மீசைக்காரர், 5 வாரமா மோர்கன் தவிர ஒண்ணும் பேசாதவர், பிரெட்ஸல்ல எங்க வெட்டு இருக்குன்னு காட்டி, ஷ்வேபிஷ் பிரெட்ஸல்னா வயிறு தடியா கை மெலிசா இருக்கணும், பவேரியால அப்படி இல்லன்னு இருபது நிமிசம் கிளாஸ் எடுத்தார். பாதி புரியல. ஆனா இப்ப தினம் 12 மணிக்கு எந்திரிச்சு கூடவே நடந்துடறேன். எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், சாப்பிடும்போது அவங்க வேகமா பேச ஆரம்பிச்சா நான் பழையபடி தட்டைப் பாத்துட்டுதான் இருக்கேன், ஒரு புதன்கிழமை பூரா வார்த்தையே இல்லாம போச்சு. ஆனா அது என்மேல கோவம்னு இப்ப நெனக்கறதில்ல.

அம்மாகிட்ட பலகை கதையைச் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் வேற என்னெல்லாம் சொல்லாம வெச்சிருக்கேன்னு கேட்டு ஒரு மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க.

அக்கா, கேர்வோஹெ பண்ணேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாளியை வேணும்னே ரெண்டு தடவை படில தட்டினேன். பாட்டி கதவைத் திறந்து வெளிய வந்தாங்க. நான் படிச்சு வெச்சிருந்த மன்னிப்பை ஒரே மூச்சுல ஒப்பிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லல, ஒரு விரலால படிக்கட்டு கைப்பிடியைத் தடவி விரலைப் பாத்தாங்க, அப்புறம் மூலைல ஒரு இடத்தைக் காட்டினாங்க, துடைச்சேன். உள்ள போனாங்க, கதவை சாத்திட்டாங்கன்னு நெனச்சேன், திரும்பி வந்து ஒரு பாட்டில் குடுத்தாங்க, தரை துடைக்கற வினிகர், பாதி இருந்துச்சு. என்னமோ சொன்னாங்க, கடைசில "-லெ"ன்னு முடிஞ்சுது, அவ்ளோதான் பிடிபட்டுச்சு.

இப்ப சந்தேகம் என்னன்னா நாளைக்கு திங்கக்கிழமை. பலகையை நான் அடுத்த ஆள் கதவுல மாட்டணும். எங்க மாடில மூணு வீடு. பாட்டி வீட்ல மாட்டணுமா, இல்ல அந்த மூணாவது வீட்லயா? அங்க வாசல்ல ஷூ மட்டும்தான் இருக்கு, ஆளை நான் பாத்ததே இல்ல. தப்பா மாட்டினா திரும்ப சீட்டு வரும்.

நெக்கர்கரை_அக்கா:

அதை இஞ்ச கேக்காதேங்கோ பிள்ளை, போய் அவவின்ர கதவைத் தட்டி அவவிட்டயே கேளுங்கோ. வினிகர் போத்தலையும் திருப்பிக் குடுக்கத்தானே வேணும். இப்ப மட்டும் போகாதேங்கோ, ஞாயிறு மத்தியானம் 1 மணியில இருந்து 3 மணி வரை நித்திரையா இருப்பா.